சைக்கிள்ல விழுந்து தலையில அடி, ஸ்கேன் நார்மல், ஆனா ரெண்டு மாசமா தலைவலியும் கிறுகிறுப்பும் போகல. எப்போ சரியாகும்?

தேதி குறிச்சு யாராலயும் சொல்ல முடியாது தம்பி, ஆனா பெரும்பாலும் சரியாகும், எனக்கு ஆச்சு. நான் கொடைக்கானல். பெருமாள்மலை பக்கம் இறக்கத்துல ஒரு வளைவுல ஜல்லி கிடந்து முன்சக்கரம் வழுக்கிருச்சு, ஹெல்மெட் பிளந்து மண்டை தப்பிச்சுது, ஆனா உள்ள மூளை குலுங்குறத ஹெல்மெட்டால முழுசா தடுக்க முடியாது.

ஸ்கேன் நார்மல்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமில்ல. சிடி ஸ்கேன் பாக்கறது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான், கன்கஷன்ல, அதாவது அடியில மூளை குலுங்குறதுல, கெடுறது மூளை வேலை செய்யற விதம், அது படத்துல தெரியாது. அடுத்த தடவ டாக்டர பாக்கப் போறப்ப வீட்டுல ஒருத்தர கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே இத அவங்ககிட்ட சொல்ல வைங்க. நான் சொல்லி நம்பாத எங்கம்மா, டாக்டர் சொன்ன அன்னைக்கே டிவி சத்தத்த குறைச்சாங்க.

முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு சரி. வாரக்கணக்கா இருட்டு ரூம்ல படுத்தா இன்னும் இழுத்துக்கிட்டேதான் போகும். நடக்கணும், ஆனா அளவா. 2022ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த விளையாட்டு கன்கஷன் மாநாட்டுல வகுத்த கணக்கு இதுதான்: வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுங்க, நடக்கும்போது அது ரெண்டு மார்க் வரைக்கும் ஏறலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடணும், அதுக்கு மேல போனா அன்னைக்கு நிறுத்திட்டு மறுநாள் குறைச்சுக்கணும். எங்க ஊர்ல எங்க கால வெச்சாலும் ஏத்தம், நாடித்துடிப்பு ஏறுனதும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், அதனால ஓரளவு சமமா இருக்கற ஏரி ரோட்டுலதான் ஆரம்பிச்சேன், சுத்து வட்டம் 5 கிலோமீட்டர், முதல்ல கொஞ்ச தூரம் போய்ட்டு திரும்பிருவேன், விடியற்காலையில டூரிஸ்ட் வண்டி ஹாரன் தொல்லை இருக்காது.

படுக்கையில புரளும்போது மட்டும் ரூம் சுத்துதா? காதுக்குள்ள இருக்கற சின்னத் துகள் இடம் மாறியிருக்கலாம், இஎன்டி டாக்டர் தலைய ஒரு முறையா திருப்பி வெச்சே பல பேருக்கு சரி பண்ணிருவாங்க, அத போய் காட்டுங்க. கழுத்தையும் பிசியோகிட்ட காட்டுங்க, விழுந்த வேகத்துல கழுத்து இழுபட்டு அதுலயே தலைவலி வர்றதுண்டு. எனக்கு கிறுகிறுப்புக்கு கட்டை விரல பாத்துக்கிட்டே தலைய இடவலமா அசைக்கிற பயிற்சி குடுத்தாங்க, முதல்ல குமட்டும், அப்புறம் பழகிரும். வத்தலக்குண்டு இறங்குற பஸ்ல முன் சீட்டுல உக்காந்து தூரத்து ரோட்ட பாத்தா தாங்கும், மொபைல பாத்தா செத்தோம்.

வலி மாத்திரைய தினமும் போடாதீங்க. பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரையே மாசத்துல 15 நாளைக்கு மேல போனா தலைவலிய கொண்டு வரலாம். வலி ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சு குழறுறது, எழுப்ப முடியாத தூக்கம், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, ராத்திரியா இருந்தாலும் சரி.

சைக்கிள் இப்போதைக்கு வேணாம். தலைய சட்டுன்னு திருப்பி பின்னாடி பாத்தாலும் தடுமாறாம இருக்கணும், டாக்டரும் சரின்னு சொல்லணும், ஆறாத மூளையில இன்னொரு அடி விழுந்தா ரொம்ப மோசமாயிரும். நான் காட் ரோட்டுல மறுபடி இறங்குனது அடுத்த வருஷம்தான்.