எழுதி ஆடத் துணை – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எழுத்து வழியாக ஆடும் பேன்டஸி ஆர்பிஜிக்கு (ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து, மாயாஜால உலகில் கதையைச் சேர்ந்து நகர்த்தும் ஆட்டம்) ஒரு வருடமாக ஆள் சேர்த்துவருகிறேன். ‘பேன்டஸி ஆர்பிஜி ஆட ஆர்வம் உள்ளவர்கள் வரலாம், அனுபவம் தேவையில்லை’ என்று அறிவிப்பு போட்டேன். முதல்முறை 11 பேர் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் இரண்டு பேர்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு முறையும் அப்படியே ஆனது. விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களே முதலில் காணாமல்போகிறார்கள். கடைசிவரை நிற்கும் ஆட்களை எங்கே தேடுவது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

11 பேர் வந்தார்கள் என்றால் நீங்கள் தேடிய இடம் சரியானதுதான். கோளாறு அறிவிப்பில் இருக்கிறது. அந்த 11 பேரும் 11 விதமான ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். ஒருவர் நாளுக்குப் பத்து முறை இரண்டிரண்டு வரி எழுத நினைத்திருப்பார். இன்னொருவர் வாரம் ஒருமுறை ஒரு பக்கம் எழுத நினைத்திருப்பார். இருவரையும் ஒரே குழுவில் போட்டால் முதலாமவர் காத்திருந்து சலித்துப் போவார். இரண்டாமவர் வார இறுதியில் திறந்து பார்த்தால் 60 பதிவுகள் அவரைத் தாண்டிப் போயிருக்கும், மலைத்துப்போய் ஒதுங்கிவிடுவார். இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள்தான்.

ஆகவே ரசனை ஒத்தவரைவிட எழுதும் வேகம் ஒத்தவரைத் தேடுங்கள். டிராகன் வேண்டுமா, அரசியல் சூழ்ச்சி வேண்டுமா என்பதைப் பேசி முடிவுசெய்துவிடலாம். வேகம் அவரவர் வேலையையும் வீட்டையும் பொறுத்தது. பேசி மாற்ற முடியாது.

அறிவிப்பில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்: ‘வேலைநாட்களில் நாளுக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 50 முதல் 150 சொற்கள்.’ பிறகு எந்த விதிமுறை, எந்தப் பதிப்பு, எத்தனை இடம், கதை எவ்வளவு நாள் ஓடும், வயது வரம்பு. எழுத்து நடையையும் சொல்லிவிடுங்கள். தமிழில் இது சின்ன விஷயம் அல்ல. ஒருவர் ‘கதவைத் திறக்கிறேன்’ என்றும், அடுத்தவர் ‘அவள் கதவைத் திறந்தாள்’ என்றும், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் பேச்சுத்தமிழிலும் எழுதினால் நான்காம் நாளே வாசிக்க அலுப்பாகிவிடும். படர்க்கையா தன்மையா, வசனம் மட்டும் பேச்சுவழக்கிலா என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். இத்தனையும் எழுதினால் 11 பேர் வரமாட்டார்கள், ஐந்தாறு பேர் வரலாம். அது நல்லதுதான்.

வருபவரிடம் அனுபவத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஒரு சூழலைக் கொடுங்கள்: ‘பாலத்தின் நடுவில் காவலன் ஒருவன் வழிமறிக்கிறான். அவன் கை நடுங்குகிறது. உங்கள் கதாபாத்திரம் என்ன செய்யும்? 48 மணி நேரத்துக்குள் ஒரு பத்தி எழுதுங்கள்.’ நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். நேரத்துக்கு வந்ததா? நடுங்கும் கையைக் கவனித்தாரா? பிறர் பற்றிக்கொள்ள ஏதாவது மிச்சம் வைத்தாரா? ‘காவலனை வெட்டி வீழ்த்தினேன்’ என்று எழுதுபவர் முடிவையும் தானே எழுதிவிட்டார், மற்றவர்களுக்கு வேலையில்லை. ‘வாளின் பிடியில் கைவைத்தபடி, யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்கிறேன்’ என்பவரோடு ஆடலாம். விதிகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க மாதக்கணக்காகும்.

கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர், நீங்கள் என்றால், எழுத்தாட்டத்துக்கு நான்கு ஆட்டக்காரர்கள் போதும். ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் விலகுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு உகந்தது. ஏழு எட்டு பேர் என்றால் தன் முறை எப்போது என்றே யாருக்கும் தெரியாது.

விதிகள் தெரிந்தவர்கள் ஏன் முதலில் போகிறார்கள் என்பதற்கு வருகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்காக உருவானவை. சண்டையில் ஒருவர் பின் ஒருவராக முறை வரும். மேசையில் ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள். எழுத்தில் ஐந்து பேரும் நாளுக்கு ஒருமுறை மட்டுமே வந்து, முந்தையவர் எழுதுவதற்காகக் காத்திருந்தால் ஒரு சுற்றுக்கே ஐந்து நாள் ஆகலாம். நான்கு சுற்றுச் சண்டை மூன்று வாரம். உங்கள் ‘மூன்றாவது வாரம்’ இங்கிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அனுபவசாலிகளுக்கு மேசையின் வேகம் பழக்கமானது, அதனால் அவர்களுக்கே பொறுமை முதலில் தீர்கிறது.

தனித்தனி முறை வேண்டாம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு அணி, எதிரிகள் ஒரு அணி. அணிக்குள் யார் முதலில் வந்தாலும் எழுதலாம். ஒரு சுற்று ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அடுத்த சிக்கல், பிறர் முறைக்கு நடுவே குறுக்கிடும் செயல்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ‘ஷீல்டு’ மந்திரம் அடி விழுந்த பிறகு காப்பு எண்ணை (அடி பலிக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 5 கூட்டுகிறது. அதைப் போடுகிறாரா இல்லையா என்று கேட்டுக் காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். ‘5 கூட்டினால் அடி தப்பும் என்றால் ஷீல்டு போடு’ என்று ஒரு நிலையான உத்தரவை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பதிவுகளிலும் அப்படியே: ‘பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன், முடியாவிட்டால் ஜன்னல் பக்கம் போகிறேன்.’ செயல் பலித்ததா என்று முடிவுசெய்யும் பகடையையும் அந்தப் பதிவோடு உருட்டிவிட வேண்டும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஆடினால் பகடை பாட் (தானாகப் பகடை உருட்டும் நிரல்) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. புதியவரைப் புத்தகம் வாங்கச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுத்தாட்டத்துக்கு நான் விரும்புவது டன்ஜன் வேர்ல்டு என்ற இன்னொரு ஆர்பிஜி வகை விதிகளைத்தான். ஆறுமுகப் பகடை இரண்டு. மாற்றெண்ணையும் (கதாபாத்திரத்தின் திறமைக்கேற்பக் கூட்டும் எண்) சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை வந்தால் ஒரு விலையோடு நடக்கும், 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேம் மாஸ்டர் கதையைத் திருப்பலாம். சண்டையில் முறைவரிசையே கிடையாது. ஒரு உருட்டலிலேயே எழுதுவதற்கு விஷயம் கிடைத்துவிடுகிறது.

முதல் காட்சியைச் சத்திரத்தில் தொடங்காதீர்கள். ஆளுக்கொரு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்து, அறிமுகத்துக்கே பத்து நாள் ஓடிவிடும். தெரிந்தவர்களாகவே தொடங்கட்டும்: ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டவர், இருவர் ஒரே படையிலிருந்து ஓடிவந்தவர்கள். படகு மூழ்கிக்கொண்டிருக்கும்போது முதல் பதிவு. முதல் கதை ஒரே இடத்தில், ஆறு வாரத்தில் முடிவதாக இருக்கட்டும். முடிவு தெரியும் ஆட்டத்துக்கு ஆட்கள் தயங்காமல் வருவார்கள், விலகுவதும் குறையும்.

கதையில் எதைக் காட்டவே கூடாது, எதை விவரிக்காமல் திரைக்குப் பின்னால் வைக்கலாம் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே எல்லோரிடமும் வாங்குங்கள். அதை யார் எழுதினார்கள் என்று வெளியே சொல்ல வேண்டாம். முகம் தெரியாதவர்களோடு எழுதும்போது எதிரே இருப்பவர் முகம் சுளிப்பது தெரியாது. அதனால் இது மேசையில் இருப்பதைவிட இங்கே முக்கியம்.

ஒருவர் 48 மணி நேரம் வராவிட்டால் அவருடைய கதாபாத்திரத்தை நீங்கள் எளிமையாக நகர்த்துவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விலக விரும்புபவர் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், காரணம் கேட்க மாட்டோம் என்றும் சொல்லுங்கள். பலர் மௌனமாக மறைவது வெட்கத்தால்தான். வழி திறந்திருந்தால் அவர்கள் இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் வருவார்கள்.

இன்னொன்று. மூன்று ஆட்டத்திலும் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டிரண்டு பேர் உங்களிடம் இருக்கிறார்கள். அவர்களின் வேகம் உங்கள் வேகத்தோடு ஒத்துப்போகிறது என்பது ஏற்கனவே நிரூபணமாகிவிட்டது. புது அறிவிப்பு போடுவதற்கு முன் அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். நான்கு பேர் சரி என்றால் குழு நிறைந்துவிட்டது. இருவர்தான் என்றால் அயர்ன்ஸ்வார்ன் என்ற ஆட்டத்தைப் பாருங்கள், டிஜிட்டல் பதிப்பு இலவசம், கேம் மாஸ்டர் இல்லாமலும் ஆடலாம். மூன்று பேருமே ஆட்டக்காரர்களாக இந்த வாரமே தொடங்கிவிடலாம்.

அன்புடன்.