ஒரே பெயரில் இரு ஊழியர்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையிலும் கிளிநொச்சிக் கிளையிலும் சிவகுமார் என்ற பெயரில் ஒவ்வொருவர் பணிபுரிகிறார்கள். ஊழியர் விவரங்களைப் பதிந்து தேட உதவும் எல்டாப் (LDAP) அடைவுச் சேவை இவர்களை எவ்வாறு பிரித்தறிகிறது?
— வாசகர், நல்லூர்

பதில்: அடைவில் பதிவுகள் மரவடிவில் அடுக்கப்படுகின்றன; வேரில் நிறுவனமும் அதன் கீழ் கிளைகளும் அவற்றின் கீழ் ஆட்களும் அமைய, ஒரே தாய்ப்பதிவின் நேர்கீழுள்ள பதிவுகள் மட்டுமே பெயரால் வேறுபட வேண்டும் என்பது விதி. ஒரு பதிவின் முழுப்பெயரோ, கடித உறையில் முகவரி எழுதுவதைப் போல, ஆளில் தொடங்கி வேரில் முடியும். எனவே இருவரும் மோதுவதில்லை. 1988இல் வெளியான, அடைவுச் சேவைகளுக்கான எக்ஸ்.500 (X.500) என்ற பன்னாட்டுத் தரமே இம்முறைக்கு மூலம்.

ஆயினும் இடம்வாரியான பிரிப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருவர் இடமாற்றம் பெற்றால் அவருடைய முழுப்பெயரே மாறி, அதைச் சுட்டும் குழுப் பட்டியல்களையும் திருத்த நேரிடலாம். எல்லோரையும் அடைவு மரத்தின் ஒரே கிளையில் ஊழியர் இலக்கத்தால் பதிந்து, பணியிடத்தைப் பதிவின் ஒரு பண்பாகக் குறித்துவிடுங்கள்.