பைப் மரையில் வெள்ளை டேப் சுற்றினால் கசிவு எப்படி நிற்கிறது?

அந்த வெள்ளை டேப்பில் பசை கிடையாது. அது பிடிஎஃப்இ எனும் வழுவழுப்பான பிளாஸ்டிக். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுவதும் இதே பொருள்தான்.

எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு மரைகளுக்கும் நடுவே சுருளாக ஒரு நுண்ணிய இடைவெளி மிஞ்சும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கார் சுற்றிச் சுற்றி இறங்குகிறதே, அப்படித்தான் தண்ணீரும் அந்த வழியாக வெளியே வருகிறது. டேப் அந்தப் பாதையை நிரப்பி அடைத்துவிடும். வழுக்கும் தன்மையால் மரையை இன்னும் கொஞ்சம் உள்ளே திருகவும் முடியும்.

முதலில் வால்வை மூடுங்கள், பழைய டேப்பை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அப்புறம், மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்துப் பிடித்து 3 முதல் 5 சுற்று. திசைதான் முக்கியம். மாற்றிச் சுற்றினால், திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று சுற்றியும் பயனில்லை.

எங்கே கசிந்தாலும் டேப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷவர் ஹோஸ் இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அங்கே கசிந்தால் வாஷரைத்தான் மாற்ற வேண்டும்.