கேள்வி - பதில்: பட்லியா ஏன் பூக்கவில்லை?

வண்ணத்துப்பூச்சிப் புதர் என்று அழைக்கப்படும் பட்லியா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: செடி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆள் உயரம் தாண்டிவிட்டது, இலையும் செழிப்பு. மாதந்தோறும் உரம் போட்டும் இரண்டு மூன்று கொத்துக்கு மேல் பூப்பதில்லை. என்ன சத்துக் குறைபாடு?

குறைபாடு எதுவும் இல்லை. போட்ட உரம்தான் அதிகம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் பட்லியா இலையும் தண்டுமாக மதர்த்து வளரும், பூவை மறந்துவிடும். உரத்தை இன்றே நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை, கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்ததும், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ பரப்பினால் போதும். பக்கத்தில் புல்தரை இருந்தால் அதற்குப் போடும் உரத்தையும் கணக்கில் எடுங்கள். பட்லியாவின் வேர் பக்கவாட்டில் போய் அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்து வெயில். நேரடி வெயில் தினமும் 6 மணி நேரமாவது விழ வேண்டும். செடி வைத்தபோது வெயில் இருந்திருக்கும். பக்கத்து மரம் வளர்ந்து இப்போது மறைக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, வாடிய கொத்தை வெட்டாமல் விடுவது. கொத்து அடியிலிருந்து நுனி நோக்கி மலரும். முக்கால்வாசி பழுப்பானதும், அதற்குக் கீழுள்ள முதல் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த இலைகள் தண்டோடு சேரும் கக்கங்களிலிருந்து இரண்டு பக்கக் கிளைகள் கிளம்பி, சிறியதாக ஆளுக்கொரு கொத்து தரும்.

கேள்வி: தரைமட்டத்துக்கு வெட்டு என்கிறார் ஒருவர், கை வைக்காதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம், வைத்திருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. பரவலாக வளர்க்கப்படுவது பட்லியா டேவிடி. இது அந்த வருடம் விட்ட புதுக்கிளையின் நுனியில் பூக்கும். அதனால் ஒட்ட வெட்டினால்தான் நல்லது. பட்லியா ஆல்டர்னிஃபோலியா, ஆரஞ்சு உருண்டையாகப் பூக்கும் பட்லியா குளோபோசா இரண்டும் போன வருடத்துக் கிளையில் பூப்பவை. குளிர்காலக் கடைசியில் இவற்றை ஒட்ட வெட்டினால் அந்த வருடத்துப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகும். இவற்றைப் பூத்து முடிந்த உடனே லேசாக வெட்டினால் போதும். ஆல்டர்னிஃபோலியாவை அடையாளம் காண்பது எளிது: மற்ற பட்லியாக்களில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், இதில் மாறி மாறி இருக்கும்.

டேவிடிக்குக் கவாத்து நேரம் குளிர்காலம் முடிந்து கணுக்களில் மொட்டு பருக்கத் தொடங்கும்போது. முதலில் காய்ந்தது, பென்சிலைவிட மெலிந்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மீதிக் கிளைகளைத் தரையிலிருந்து 30 முதல் 60 செ.மீ. உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மொட்டு ஜோடிகள் நிற்கும்படி வெட்டுங்கள். வெட்டு, மொட்டு ஜோடிக்கு அரை செ.மீ. மேலே, நேராக இருக்கட்டும். ரோஜாவுக்கு வெட்டுவதுபோல் சாய்த்து வெட்டினால் ஜோடியில் ஒரு மொட்டு அடிபடும். வெட்டி முடித்ததும் செடியைக் கொன்றுவிட்டோமோ என்று தோன்றும்; கோடைக்குள் ஆள் உயரம் வந்துவிடும்.

உறைபனி விழும் இடங்களில் இலையுதிர் காலத்தில் ஒட்ட வெட்டாதீர்கள். அப்போது வெட்டினால் கிளம்பும் இளங்கொழுந்து பனியில் கருகும். காற்றில் ஆடித் தூர் தளராமல் இருக்க மேலே மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். உறைபனியே இல்லாத இடத்தில் செடி முழுதாக உதிர்க்காது. அங்கே பூ ஓய்ந்து வளர்ச்சி மந்தமாகும்போது பாதி உயரத்துக்கு வெட்டலாம்.

கேள்வி: காலை, மாலை தண்ணீர் விடுகிறேன். அப்படியும் இலை மஞ்சளாகித் தொங்குகிறது.

அப்படி விடுவதால்தான். வேர் அழுகினாலும் செடி தண்ணீர் இல்லாததுபோலவே வாடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம், அத்தோடு செடியின் கதை முடியும். டேவிடியின் சொந்த ஊர் சீனாவின் மலைச்சரிவுகளும் ஆற்றோரக் கூழாங்கல் படுகைகளும். தண்ணீர் தேங்காத மண்ணுக்குப் பழகிய வேர் அது.

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம். நண்பகலில் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வரும் சோர்வு, கவலை இல்லை. காலையிலும் தொங்கியே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரைப் பார்த்தாக வேண்டும். பழுப்பாகி வழவழத்து, இழுத்தால் மேல்தோல் கழன்று நடுநரம்பு மட்டும் நிற்கும் வேர் அழுகியது. நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகியதை வெட்டி, கிளைகளையும் பாதியாகக் குறைத்து, 20 முதல் 30 செ.மீ. உயர்த்திய மேட்டுப்பாத்தியில் மாற்றி நடுங்கள். பாதி வேருக்கு மேல் போயிருந்தால் பிழைப்பது கடினம்; நல்ல கிளையில் குச்சி எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

புதிதாக நடுவோர் முதலில் 30 செ.மீ. ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. நட்ட முதல் வருடம் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வேர் பிடித்தபின் நீண்ட வறட்சியில் மட்டும்.

கேள்வி: இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள். பிறகு சாம்பல் பூத்து உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். வெப்பமும் வறட்சியும் தூசியும் சேரும்போது பெருகும். மருந்துக்கு முன் தண்ணீர்: இலையின் அடிப்புறத்தில் படும்படி குழாயால் வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை என இரண்டு வாரம் தொடர வேண்டும், ஏனென்றால் முட்டைகள் சில நாளில் பொரித்துக்கொண்டே இருக்கும். அடங்கவில்லை என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து, வெயில் சாய்ந்தபின், பூவில் படாமல் தெளியுங்கள்.

பொதுவான பூச்சிமருந்து அடிப்பது இரட்டை நஷ்டம். சிலந்திப்பேனைத் தின்னும் பூச்சிகள் செத்து, பேன் முன்னிலும் பெருகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து தேன்வரை போகும். அந்தத் தேனைக் குடிக்கத்தானே வண்ணத்துப்பூச்சி வருகிறது?

நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான மஞ்சள் திட்டும், அதன் அடியில் சாம்பல் பூஞ்சையும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். குளிர்ந்த, ஈரமான நாட்களில் வருவது, பேனுக்கு நேர் எதிர். கிளைகளை விலக்கிக் காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரைத் தூரில் மட்டும் விடுங்கள். இளம் இலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு போர்த்தியதுபோல் இருப்பது இயல்பு. அதைப் பூஞ்சை என்று சுரண்ட வேண்டாம்.

கேள்வி: வசந்தம் வந்து மற்ற செடிகள் எல்லாம் துளிர்த்துவிட்டன. பட்லியா மட்டும் குச்சியாக நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?

பொறுங்கள். இது எப்போதுமே தாமதமாகத்தான் துளிர்க்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பாக இருந்தாலும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். கடும் குளிரில் மேல்பகுதி செத்து, வேர்த்தூரிலிருந்து புதுத்தண்டு வருவது வழக்கம்.

கேள்வி: சுவர் வெடிப்பில் எல்லாம் கன்று முளைக்கிறது. இது களையா?

பல இடங்களில் ஆம். பிரிட்டனில் ரயில் பாதையோரம், இடிந்த கட்டடம் எனக் கண்ட இடத்தில் முளைக்கிறது. நியூசிலாந்திலும் பரவிவிட்டது. அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் இதைத் தீங்குக் களைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும்; தூசிபோல் காற்றில் பறக்கும். விதை முற்றும் முன் கொத்தை வெட்டிவிடுங்கள். கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். புதிதாக வாங்குவோருக்கு 'புளூ சிப்', 'மிஸ் மாலி' போல விதை கட்டாத அல்லது மிகக் குறைவாகக் கட்டும் ரகங்கள் உண்டு. ஆற்றோரம், காட்டோரம் வசிப்பவர்கள் வேறு ரகத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன, புழுவைத்தான் காணோம்.

பட்லியா தேன்கடை, அவ்வளவுதான். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தின்பதில்லை. சில வகைக்கு எலுமிச்சைக் குடும்பம், சில வகைக்கு எருக்குக் குடும்பம் என்று முட்டையிடத் தனிச் செடி வேண்டும். அவற்றையும் பக்கத்தில் வையுங்கள். இலை ஓட்டை ஓட்டையாகப் போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குச்சி நட்டால் அழுகிவிடுகிறது.

பூக்காத இளங்கிளையில் 10 முதல் 15 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளையும் பாதியாக நறுக்குங்கள். தோட்டமண் வேண்டாம், பெருமணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி. ஈரம் இருக்கட்டும், சொட்டக் கூடாது. பாலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள், தினம் ஒரு முறை திறந்து காற்று காட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரியும். அதற்கு முன் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.