பழைய ஜீன்ஸை என்ன செய்யலாம்? தையல்கார அக்காவின் பதில்கள்

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஜீன்ஸ்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதிலுக்குப் போகும் முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. கத்தரியை எடுப்பதற்கு முன் பேண்ட்டை டியூப்லைட்டுக்கு நேராக விரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற இடமெல்லாம் நைந்த இடம். கவட்டை, முட்டி, உட்காரும் பகுதி மூன்றும் பெரும்பாலும் போயிருக்கும். முட்டிக்குக் கீழேயும், பின்பாக்கெட்டைச் சுற்றியும், இடுப்புப் பட்டியிலும் துணி புதுசு போலவே இருக்கும். எதைத் தைப்பதென்றாலும் அந்த நல்ல துணியில்தான் தைக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி, இல்லத்தரசி): அக்கா, பழைய ஜீன்ஸில் காய்கறிப் பை தைத்தேன். கொஞ்ச நாளிலேயே அடித்தையல் விட்டுவிட்டது. எப்படித் தைத்தால் நிற்கும்?

அடியில் தையலே வராதபடி தைத்துவிடுங்கள் தங்கச்சி. கவட்டைக்குக் கீழே குறுக்கே வெட்டி ஒரு காலை எடுங்கள். அதில் இரண்டு நெடுந்தையல் இருக்கும். ஒன்று தடிப்பாக, மேலே இரட்டைத் தையல் தெரிய இருக்கும்; பெரும்பாலும் அது உள்கால் பக்கம். இன்னொன்று உள்ளே ஓவர்லாக் அடித்தது, இஸ்திரி போட்டால் படிந்துவிடும். தடித்த தையலுக்கு இருபுறமும் ஓர் அங்குலம் விட்டு நீளமாக வெட்டி, அந்தப் பட்டையைத் தனியே எடுத்து வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். மீதித் துணி ஒரே பலகையாக விரியும். அதில் 14 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் கிடைத்தால் போதும். அதை நடுவில் மடித்தால் மடிப்பே பையின் அடி. பக்கவாட்டில் மட்டும் இரண்டு தையல், வாயில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். காலோடு ஒட்டிப் பிடிக்கிற மாடலில் இந்த அகலம் கிடைக்காது. அதற்கு இரண்டு காலையும் சேர்த்துத்தான் தைக்க வேண்டும்.

இப்படி மடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜீன்ஸில் பாவு நூல் காலின் நீளவாக்கில் ஓடுகிறது. வெளியே நீலமாகத் தெரிவது பாவு, உள்ளே வெள்ளையாகத் தெரிவது குறுக்கே ஓடும் ஊடை. பலம் பாவில்தான் அதிகம். காலின் நீளத்தைப் பாதியாக மடித்தால் ஒரு வாயிலிருந்து கிளம்பும் பாவு நூல், அடியைச் சுற்றி மறு வாய்வரை அறுபடாமல் போகும். வெங்காயத்தின் கனத்தை அந்த நூல் தாங்குகிறது, உங்கள் தையலுக்கு வேலை குறைவு.

எடுத்து வைத்த பட்டைதான் கைப்பிடி. கடையில் விற்கிற நாடாவை இங்கே வைக்கவே வைக்காதீர்கள், துணி இருக்கும்போதே நாடா போய்விடும். பட்டையின் இரு ஓரத்தையும் பின்பக்கம் மடக்கி, தடிப்பின் மேல் ஏறாமல் பக்கத்திலேயே தைத்துக்கொண்டு போங்கள். இரண்டு காலிலிருந்தும் இரண்டு பட்டை, இரண்டுமே தோளில் மாட்டுகிற நீளம். பையின் வாய்க்குள் இரண்டு அங்குலம் இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுங்கள்.

அதே தங்கச்சி: நன்றி அக்கா. இதையே மஞ்சப்பை மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

அதற்கு ஜீன்ஸ் சரிப்படாது. பேண்ட் துணி சதுர கஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும். மடித்தால் செங்கல் அளவு வரும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து கையோடு ஒரு பை வைத்திருக்க வேண்டியிருக்கிறது, அது உண்மைதான். அந்தப் பைக்கு டெனிம் சட்டைதான் தோது. சட்டைத் துணி பேண்ட்டில் பாதி கனம்கூட வராது. முதுகுப் பக்கத்தை அப்படியே எடுங்கள், ஒரு முழுப் பை வந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): வீட்டில் இருப்பது சின்ன மோட்டார் மிஷின். தடித்த தையல் வந்தாலே ஊசி உடைகிறது. கால் மிஷின்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். மிஷின் மேல் பழி போடும் முன் ஊசியைப் பாருங்கள். ஜாக்கெட் தைத்த ஊசியை வைத்துக்கொண்டே ஜீன்ஸ் தைக்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு மடிப்புக்கு 16 நம்பர் ஊசி, அதற்கு மேல் போனால் 18. தையல் நீளத்தை மூன்றரையிலிருந்து நாலு மில்லிமீட்டர் வரை கூட்டுங்கள். பொடித் தையல் போட்டால் துணியில் வரிசையாக ஓட்டை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். மேலே தடித்த நூல் போட ஆசைப்பட்டால் போடுங்கள், பாபினில் சாதாரண நூலே இருக்கட்டும்.

ஊசி உடைவதற்குக் காரணம் துணியின் தடிப்பு மட்டும் இல்லை. மேட்டில் ஏறும்போது அமுக்கும் பாதம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்கிறது. துணி நகராமல் நிற்கிறது, நாம் பின்னால் இருந்து இழுக்கிறோம், ஊசி வளைந்து போய்த் தகட்டில் இடிக்கிறது. அதனால் மேட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும். பாதத்தைத் தூக்கி, அதன் பின்பாதிக்கு அடியில் ஒரு துண்டு ஜீன்ஸை மடித்துச் சொருகுங்கள். பாதம் மட்டமானதும் சக்கரத்தைக் கையால் சுற்றி மேட்டைத் தாண்டுங்கள். மறுபக்கம் இறங்கும்போது அதே துண்டை முன்பக்கம் வையுங்கள்.

தைக்கும் முன்பே அந்த மேட்டை ஒரு பலகை மேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் பாதி வேலை குறையும். தையல் போகும் கோட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பதும் உதவும், பல தையல் கடைகளில் செய்வதுதான். இவ்வளவும் செய்தும் மிஷின் திணறினால், அந்த ஓர் அங்குலத்தைக் கையால் தைத்துவிடுங்கள். ஓர் அங்குலத்துக்காக மோட்டாரைப் புகைய விடுவானேன்?

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): ரிவெட் என்கிற அந்தச் செம்புக் குமிழ்களை எப்படிக் கழற்றுவது?

கட்டிங் பிளேயரால் பின்பக்கத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் வந்துவிடும். ஆனால் ஏன் கழற்றுகிறீர்கள் தம்பி? கிழியக்கூடிய மூலையில் கிழியாமல் இருக்க அடித்தது அது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையற்காரர் இருந்தார். கூலியாட்களின் பேண்ட் பாக்கெட் மூலை கிழிகிறதென்று அங்கே ரிவெட் அடிக்க ஆரம்பித்தவர் அவர்தான். காப்புரிமைக்குப் பணம் கட்ட வழியில்லாமல், தனக்குத் துணி விற்ற லெவி ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகம் துணி வியாபாரியின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. தையற்காரி என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்!

பாக்கெட்டை ரிவெட்டோடு அப்படியே வெட்டி எடுங்கள். மிஷின் போகிற பாதையில் இருந்தால் மட்டும் கழற்றுங்கள்.

கேள்வி (மதுரை): இப்போது வரும் ஜீன்ஸ் எல்லாம் இழுபடுகிறதே. அதையும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எதற்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கே நாலு அங்குலம் பிடித்து இழுத்துவிடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பினால் எலாஸ்டிக் இழை இன்னும் உயிரோடு இருக்கிறது. திரும்பாமல் தொளதொளவென்று அலையடித்தால் அதில் பை, உறை எதுவும் தைக்க வேண்டாம், தைத்த பிறகும் அலையடிக்கும். இந்த இழை பெரும்பாலும் ஊடையில்தான் இருக்கும். அதனால் கனம் தாங்க வேண்டிய பக்கம் எப்போதும் நீளவாக்கில் வரட்டும். இழுபடும் துணியையும் இழுபடாத துணியையும் ஒரே தையலில் சேர்த்தால் சுருக்கம் விழுந்தே தீரும். திண்டு இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு யோசனை: இழுபடும் ஜீன்ஸின் கால் திண்டுக்குக் கச்சிதமான உறை. தையலே பிரிக்க வேண்டாம், இரண்டு வாயிலும் நாடா கோத்துச் சுருக்கினால் முடிந்தது.

கேள்வி (காரைக்குடி): கருநீல ஜீன்ஸில் தைத்த பை, வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் சாயம் ஏற்றிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் நிற்கவில்லை.

நிற்காது அம்மா. ஜீன்ஸுக்கு நீலம் தரும் அவுரிச் சாயம் நூலுக்குள் முழுசாக இறங்குவதில்லை. நூலைச் சாயத்தில் முக்கி முக்கிக் காற்றில் காட்டும்போது மேல்பூச்சாகவே படிகிறது. நூலை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக இருக்கும். ஜீன்ஸ் தேயத் தேய வெளுப்பது அதனால்தான். உப்போ வினிகரோ அந்தப் பூச்சைப் பிடித்து வைக்காது. தனியாக நாலைந்து தடவை துவைத்து, அலசுகிற தண்ணீர் தெளியும்வரை விட வேண்டியதுதான். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். இன்னும் நீலம் ஒட்டினால் அது வாசலில் போடும் கால்மிதிக்குத்தான் ஆகும்.

கேள்வி (கோவை): தினமும் பைக் ஓட்டுகிறேன் அக்கா. எல்லா ஜீன்ஸும் கவட்டையில்தான் போகிறது. வெட்டிப் பை தைப்பதா, சரி செய்வதா?

மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால் சரி செய்யுங்கள் தம்பி. நல்ல பேண்ட்டை வெட்டிப் பை தைப்பது நஷ்டக் கணக்கு. கிழிவதற்கு முன்பே, வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் உள்ளே ஒட்டு வைத்துவிட வேண்டும். ஒட்டுக்கு இன்னொரு ஜீன்ஸ் துணி போடாதீர்கள், தடிப்பாகித் தொடையை உரசும். அதன் விளிம்பிலேயே துணி மறுபடி கிழியும். மெல்லிய டெனிம் சட்டைத் துணி அல்லது கெட்டிப் பருத்தி போதும். நைந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் நல்ல துணியில் ஒட்டு ஏற வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். பிறகு பாவு நூல் போகும் திசையிலேயே மிஷினை முன்னும் பின்னுமாக ஓட்டி, நெருக்கமாகக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் முடியக் கூடாது. ஏற்ற இறக்கமாக முடிந்தால் இழுவிசை ஓர் இடத்தில் சேராது. வெளியிலிருந்து பார்த்தால் லேசாகத் தெரியும். உங்கள் கவட்டையை யார் தம்பி உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி (புதுச்சேரி): முட்டிக் கிழிசலை ஜப்பான் முறையில் வெள்ளை நூலால் தைப்பதைப் பார்த்தேன். நமக்கு வருமா?

ஓட்டுத்தையல் தெரிந்த யாருக்கும் வரும். அதற்கு சாஷிகோ என்று பெயர். ஜப்பானின் வடகிழக்கில், குளிர் அதிகமான, பருத்தி கிடைக்காத தோஹோகு பகுதியில் ஏழைக் குடியானவர்கள் துணி மேல் துணி அடுக்கித் தைத்துத் தைத்து வளர்ந்த வேலை அது. வங்காளத்துக் காந்தாவும் இதே ஓட்டுத்தையல்தான். உள்ளே ஒட்டு வைத்து, கிழிசலைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை வரிசையாகப் போடுங்கள். தையல் அரிசி நீளம் இருந்தால் அழகு. நூலை இறுக்கி இழுக்க வேண்டாம், முட்டி மடங்க இடம் வேண்டும். முட்டுக்குள் ஓர் அட்டையைச் சொருகிக்கொண்டு தையுங்கள், பின்பக்கத் துணி சேர்ந்து தைபடாது.

கேள்வி (நாகர்கோவில்): சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு ஜீன்ஸ் பாக்கெட் சரியா?

நூறு சதவீதம் பருத்தியாக இருந்தால் ரொம்பச் சரி. ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. கறுப்பு மணியாக உருண்டு கெட்டியானால் பாலியஸ்டர், அது அடுப்பு பக்கமே வர வேண்டாம். தைக்கிற நூலும் பருத்தியாக இருக்கட்டும். நான் மேலே வேண்டாம் என்ற ரிவெட் வேலையை இங்கே செய்தே ஆக வேண்டும், உலோகம் சூடேறிக் கையைச் சுடும். இன்னொன்று, ஈரமாக இருக்கும்போது பிடிக்காதீர்கள். ஈரத் துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்தும்.

கேள்வி (தாம்பரம்): பாக்கெட்டில் மண் நிரப்பிச் செடி வளர்க்கலாமா? படத்தில் அழகாக இருக்கிறது.

படம் எடுத்த அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். நனைந்த பருத்தி மண்ணோடு சேர்ந்து மக்கும், சுவரில் நீலம் இறங்கும். அந்தப் பாக்கெட்டுகளைப் பின்துணியோடு வெட்டி, ஓர் இடுப்புப் பட்டிக்குக் கீழே வரிசையாகத் தைத்து, பெல்ட் லூப்பில் மூங்கில் குச்சி கோத்து மாட்டுங்கள். கத்தரி, சீப்பு, சார்ஜர், கரண்ட் பில் எல்லாம் அடங்கும்.

கேள்வி (சேலம்): வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைத் தலையணையில் அடைக்கலாமா?

தலைக்கு வேண்டாம். இலவம் பஞ்சு பழகிய கழுத்துக்கு இது கல். துவைத்தால் காயவும் காயாது. தரையில் உட்காரும் மெத்தைக்கு அடைக்கலாம். நீளத் துண்டுகள் இருந்தால் ஓர் அங்குலப் பட்டைகளாக வெட்டி, மூன்றாகப் பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைத்தால் நல்ல கால்மிதி.

கேள்வி (வேலூர்): நன்றாகத் தைக்கிறேன் அக்கா. ஜீன்ஸ் பை தைத்து விற்றால் கட்டுப்படியாகுமா?

துணி இலவசம் என்று நினைத்துத்தான் எல்லாரும் இறங்குகிறார்கள். பிரிக்க, துவைக்க, இஸ்திரி போட, நைந்த இடம் ஒதுக்கி வெட்ட ஆகும் நேரத்தில் புதுத் துணியில் இரண்டு பை தைத்துவிடலாம். ஒவ்வொரு ஜீன்ஸும் ஒவ்வோர் அளவு என்பதால் அடுக்கி வைத்து மொத்தமாக வெட்டவும் முடியாது. ஆர்டர் கேட்டு, அவர்கள் கொடுக்கும் ஜீன்ஸிலேயே தைத்துக் கொடுப்பதென்றால் செய்யுங்கள். அப்பாவின் பேண்ட்டில் பை வேண்டும் என்று கேட்பவர்கள் கூலியில் பேரம் பேசுவதில்லை. இல்லையென்றால் ‘ஜீன்ஸ் டார்னிங் செய்து தரப்படும்’ என்று, அதாவது நைந்த இடத்தைத் தைத்துச் சரிசெய்து தருவதாக, வாசலில் ஒரு போர்டு வையுங்கள். மேலே கேட்ட கோவைத் தம்பியைப் போல ஒவ்வொரு தெருவிலும் நாலு பேர் இருக்கிறார்கள்.