தனிச் சங்கம் வேண்டாம், கூட்டக் குறிப்பைத் தமிழில் கேளுங்கள்

கேள்வி: கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தனியார் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். நிரந்தர ஊழியர் 200 பேர். தொழிற்சங்கத்தில் 96 பேர், அதில் தமிழரும் முஸ்லிம்களுமாக 31 பேர். கூட்டம் முழுக்கச் சிங்களத்தில்தான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, எங்கள் முஸ்லிம் லொறிச் சாரதி ஒருவரின் பையைக் கூட வேலை செய்பவர்களே திறந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. மேன்பவர் (ஆள் அனுப்பும் கம்பனி) மூலம் நாட்கூலிக்கு வரும் மலையகத் தமிழ்ப் பொடியன்களைச் சங்கம் கணக்கிலேயே எடுப்பதில்லை. தமிழ் பேசுவோருக்குத் தனிச் சங்கம் தொடங்கினால் என்ன? இம்முறை நான் கிளைக் குழுவுக்குத் தெரிவாகியிருக்கிறேன்.

பதில்: தொடங்கலாம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி, யாருக்காகப் பேரம் பேசுகிறீர்களோ அந்த ஊழியர்களில் 40 வீதத்தினர் அங்கத்தவராக இருந்தால்தான், அந்தச் சங்கத்தோடு பேச முதலாளி கட்டாயப்படுவார். உங்கள் இடத்தில் அது 80 பேர். இப்போது 96 இருக்கிறது. 31 பேர் வெளியேறினால் பழைய சங்கத்தில் 65, புதியதில் 31. இரண்டுமே 80ஐ எட்டாது. அன்றைக்கு நிர்வாகம் கேக் வெட்டும்.

தனிச் சங்கம் எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் எழுதுவினைஞர்கள் அரசாங்க எழுத்து வினைஞர் சங்கம் என்று தனியாகத் திரண்டார்கள். சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டபோது, அவர் அரசின் மேல் போட்ட வழக்குக்குப் பின்னால் நின்றது அவர்கள்தான். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, மேன்முறையீட்டில் தோற்று, 1969இல் அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போடலாம் என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். பெரிய காரியம். ஆனால் அது வழக்கால் வென்றது. உங்களுக்கு வேண்டியது பேரம் பேசும் மேசை, அங்கே தலைகளைத்தான் எண்ணுவார்கள்.

ஆகவே உள்ளே இருந்து தொடங்குங்கள். முதல் வேலை மொழி. “எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே” என்பார்கள். விளங்கும். ஆனால் ஓ.டி. கணக்கில் ஏமாற்றப்பட்டவர் எழுந்து நின்று கோபத்தோடு இரண்டாம் மொழியில் வாதாடுவது வேறு விஷயம். பாதியில் உட்கார்ந்துவிடுவார். அவரவர் தன் மொழியில் பேசலாம், ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார், கூட்டக் குறிப்பும் வட்ஸ்அப் அறிவித்தலும் இரு மொழியிலும் ஒரே நாளில் வரும் என்று தீர்மானம் எடுங்கள். மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் ஆளை மாற்றி மாற்றிப் போடுங்கள். கூட்டம் அரை மணித்தியாலம் நீளும், சிலர் முணுமுணுப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு முஸ்லிம்கள் வருவதில்லை என்று குறைப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

மேன்பவர் பொடியன்கள் விஷயம்தான் இதில் கனமானது. நிரந்தரம் பெரும்பாலும் சிங்களவர், கூலிக்கு வருபவர் மலையகத் தமிழர் என்றால், ஒப்பந்த வேறுபாடு இன வேறுபாடாகத் தெரியும். மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் “தோட்டக்காட்டான்” என்ற பகிடி அங்கேதான் முளைக்கிறது. அவர்களையும் அங்கத்தவராக்கும்படி சங்க விதியைத் திருத்துங்கள், சந்தாவைக் குறைத்து வையுங்கள். நிரந்தரக்காரர் பயப்படுவார்கள். மலிவான ஆள் பக்கத்திலேயே நிற்கும்வரை உங்கள் சம்பளமும் ஏறாது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், அதுதான் உண்மையும். இந்தப் பயத்தைப் பழைய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவே தாண்டவில்லை. 1923இல் கொழும்பையே நிறுத்திய வேலைநிறுத்தத்தை நடத்தியவர், 1930களில் வேலை அருகியபோது மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார்.

பகிடியும் ஏச்சும் முறைப்பாடாக வரும்போது சங்கங்கள் வழக்கமாகச் சறுக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவரும் அங்கத்தவர், விசாரணையில் அவரைக் காப்பாற்றச் சங்கம் ஓடும். பாதிக்கப்பட்டவரோடு யாரும் உட்கார மாட்டார்கள். இருவருக்கும் தனித்தனிச் சங்க நிர்வாகி துணைநிற்பார் என்று இப்போதே எழுதி வையுங்கள், சண்டை வந்த பிறகு எழுத விட மாட்டார்கள்.

விடுமுறையைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் போடுங்கள். தனியார் துறைக்கான வணிக விடுமுறைப் பட்டியலில் தைப்பொங்கல் இருக்கிறது, மீலாத் நபி இருக்கிறது. தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இல்லை. அவரவர் தெரிவு செய்யும் ஒரு சம்பள விடுமுறை என்று கேட்டால் சிங்கள அங்கத்தவருக்கும் பயன், அதனால் வாக்கும் கிடைக்கும். பொங்கல் பானையும் கிரிபத்தும் (சிங்களவரின் பாற்சோறு) வைத்து ஒற்றுமை விழா எடுப்பதை நான் கடைசியில் வைப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தச் சாரதி நானாவைக் கூட்டத்தில் எழுப்பி மன்னிப்புக் கேட்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். இத்தனை வருடம் ஒதுங்கியிருந்தவரை மேடையில் நிறுத்துவது இன்னொரு பைச் சோதனை. தலைவரும் நீங்களுமாக அவரிடம் தனியே போய், நடந்தது பிழை என்று சொல்லுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அவர் கேட்காவிட்டாலும் ஒரு தீர்மானம் குறிப்பேட்டில் ஏற வேண்டும்: பை சோதனை நடந்தால் நிர்வாகத்தின் ஆளே செய்ய வேண்டும், எல்லோருக்கும் செய்ய வேண்டும், அங்கத்தவர் அங்கத்தவரைச் சோதிக்கக் கூடாது.

விதித் திருத்தம் நிறைவேறியதும் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அறிவியுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சிங்களத்தில் வந்தால் திருப்பிக் கேளுங்கள்.