சிங்கப்பூர் கப்பல் பயணம்: கையில் உள்ள மூன்று இரவுகளை எங்கே வைப்பது?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், 68 வயது அம்மா என நான்கு பேர். சிங்கப்பூரில் புதன்கிழமை மாலை புறப்பட்டு, பினாங்கு போய், சனிக்கிழமை காலை திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். செவ்வாய் இரவு திருச்சியில் விமானம் ஏறினால் புதன் காலை 7 மணிக்குச் சிங்கப்பூர். அன்று மாலையே கப்பல். திரும்பி வந்ததும் அங்கே வேலை பார்க்கும் என் தங்கை வீட்டில் மூன்று இரவு தங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பலாம் என்று எண்ணம். இது சரிவருமா? அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். மூன்று இரவுகளையும் கப்பலுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அதில் இரண்டைக் கப்பலுக்கு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

ஞாயிறு இரவு திருச்சியில் ஏறுங்கள். திங்களும் செவ்வாயும் சிங்கப்பூரில் இருங்கள். புதன் கப்பல். சனிக்கிழமை காலை இறங்கி நேரே தங்கை வீட்டுக்குப் போய், ஞாயிறு மாலை அல்லது இரவு விமானத்தில் திரும்புங்கள். வேலைக்குப் போகிறவருக்கு விடுமுறை பெரும்பாலும் அந்தச் சனி, ஞாயிறுதான். உங்கள் பழைய திட்டப்படி திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போய்விடுவார். நீங்கள் நான்கு பேரும் பூட்டிய வீட்டுச் சாவியோடு இருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் உங்கள் விடுப்பிலும் ஒரு நாள் குறைகிறது.

நாட்களை மாற்றச் சொல்வதற்குத் தங்கையின் விடுமுறையை விடப் பெரிய காரணம் உண்டு. காலை 7 மணிக்கு இறங்கி மாலையில் கப்பல் ஏறுவதற்கு நிறைய நேரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கப்பல் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பயணிகள் பதிவை எப்போது மூடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். புறப்படுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே பதிவு முடிந்துவிடும். பயணிகள் பட்டியல் குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரிகளிடம் போய்விடும். அதற்குப் பிறகு வருகிறவரை ஏற்ற முனையத்தில் இருப்பவர்களுக்கு மனம் இருந்தாலும் வழி இல்லை.

திருச்சியில் நீங்கள் ஏறும் விமானம் பெரும்பாலும் அன்றிரவு சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, ஒரு மணி நேரத்தில் அப்படியே திரும்பும் விமானம். அங்கே மழையாலோ பழுதாலோ அது தாமதமானால் இங்கேயும் தாமதம். ரத்தாகிவிட்டால் அடுத்த விமானத்தில் நான்கு இருக்கைகள் சேர்ந்து கிடைப்பது எளிதல்ல. விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியவை என்பதால் ஒருவர் தாமதத்துக்கு மற்றவர் பொறுப்பேற்க மாட்டார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் மேலப்பாளையத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு, ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சமாகுமே என்று, உங்கள் திட்டத்தைப் போலவே நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். விமானம் ஏழு மணி நேரம் தாமதம். அவர்கள் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவு மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கப்பல் இன்னும் அங்கேயேதான் நின்றது. கண்ணாடி வழியே மேல்தளத்தில் ஆட்கள் கையசைப்பதுகூடத் தெரிந்ததாம். சின்னப் பெண் நீச்சல் கண்ணாடியை விமானத்திலேயே நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைக் கழற்றாமலே, கப்பல் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அவள் தந்தை தொலைபேசியில் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து கப்பல் ஏறும் நாளில் விமானத்தில் வந்து இறங்கும் திட்டத்துக்கு நான் டிக்கெட் போடுவதில்லை.

முன்னால் வரும் அந்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 300 கிலோமீட்டர், காரில் ஐந்து மணி நேரம். பிறகு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான விமானப் பயணம். இரவு முழுவதும் உறக்கம் இருக்காது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், அங்கே காலை 7 மணி என்பது அம்மாவின் உடம்புக்கு விடியற்காலை நாலரை. ஹோட்டலில் அறை பிற்பகல் 3 மணி வாக்கில்தான் தருவார்கள். ஆகவே முதல் நாள் எந்தச் சுற்றுலாவும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாங்கி விமான நிலையத்தை ஒட்டியுள்ள ஜூவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியே நீர் கொட்டும். குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த பிள்ளைக்குக் கட்டடத்துக்குள் ஓர் அருவி புதுமையாக இருக்கும். அருவி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வர கட்டணம் இல்லை, உட்கார இடம் உண்டு. பிறகு ஹோட்டலில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, சாப்பிட்டு, அறை கிடைத்ததும் உறங்குங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா பக்கத்தைத்தான் சொல்வேன். கடற்கரையோரப் பெரிய ஹோட்டல்கள் அழகானவை. ஆனால் அம்மாவுக்குக் காலையில் இட்லியும் காபியும் நடந்து போகும் தூரத்தில் கிடைப்பது அந்த அழகைவிடப் பெரிது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. தேக்கா சந்தையில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை பார்க்கலாம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே போய்க் குடியேறிய ஊர் அது. அம்மா யாரிடமாவது வழி கேட்டால் நம் பக்கத்துப் பேச்சிலேயே பதில் வந்தாலும் வரும்.

செவ்வாய் மாலை கரையோரப் பூந்தோட்டத்துக்கு (Gardens by the Bay) போங்கள். கண்ணாடிக் கூண்டுத் தோட்டங்களுக்குக் கட்டணம் உண்டு; வெளித்தோட்டமும், பெரிய இரும்பு மரங்களின் அடியில் இரவில் நடக்கும் ஒளி நிகழ்ச்சியும் இலவசம். நாள் முழுக்க வெயிலில் நடக்க வைக்கும் கேளிக்கைப் பூங்காவைக் கப்பலுக்கு முதல் நாள் வேண்டாம் என்பேன். லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா பேரங்காடியில் வாங்குவதையெல்லாம் சனிக்கிழமைக்கு விட்டுவிடுங்கள். கப்பல் அறை சிறியது, நான்கு பேர் படுத்தால் பெட்டி திறக்க இடம் தேட வேண்டும். கப்பலில் தேவைப்படாத பெட்டியைச் செவ்வாய் இரவே தங்கையிடம் கொடுத்துவிடலாம்.

புதன்கிழமை டாக்சியில் ஏறும்போது கவனம் தேவை. சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட், மற்றொன்று மரீனா பே. பெரிய பயணக் கப்பல்கள் பெரும்பாலும் மரீனா பேயிலிருந்து புறப்படுகின்றன; இந்தோனேசியாவின் பாத்தாம் (Batam) தீவுக்குப் போகும் படகுகள் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து. உங்கள் டிக்கெட்டில் உள்ள முனையத்தின் முழுப் பெயரையும் ஓட்டுநரிடம் காட்டுங்கள். ரயிலில் போவதானால் மரீனா சௌத் பியர் நிலையம். பெட்டிகளோடும் அம்மாவோடும் போகும் நான்கு பேருக்கு டாக்சிதான் சரி.

இனி தாள்கள். விசாவில் முதலில் பார்க்க வேண்டியது, அது பல முறை நுழைவதற்கானதா என்பது. நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: திங்கட்கிழமை விமானத்தில் ஒரு முறை, சனிக்கிழமை கப்பலில் மறுமுறை. பெரும்பாலும் பல முறை விசாவாகவே கிடைக்கிறது என்றாலும், அச்செடுத்த தாளில் அந்த வரியை உங்கள் கண்ணால் பாருங்கள். விண்ணப்பிக்கும்போதே கப்பல் டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது விண்ணப்பிப்பது நல்லது. கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. பாஸ்போர்ட்டுகள் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு என்பதை மறந்து விடுகிறோம். மகளுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்ப்பக்கத்தில் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சாதாரணம். விமான டிக்கெட்டில் ஒருவர் அப்பா பெயரைச் சேர்ப்பார், கப்பல் டிக்கெட்டில் இன்னொருவர் இனிஷியலைப் பின்னால் போடுவார், விசாவில் வேறு விதமாக இருக்கும். மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று முகவரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். குடும்பப் பெயர் கேட்டே தீரும் இடங்களில் என்ன போடுகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வந்திறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் மின்வருகை அட்டையை (SG Arrival Card) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் வைத்துப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு, ஏமாறாதீர்கள். பினாங்கு போய்த் திரும்பும்போது அதை இன்னொரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. உங்கள் தேதிக்கும் அந்தச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று டிக்கெட் போடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மலேசியாவுக்கும் தனி மின்வருகை அட்டை உண்டு.

தங்கைக்குப் பலகாரமும் பொடியும் கட்டிக்கொண்டு போவீர்கள். அல்வா தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. அம்மா வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கோழி ஊறுகாய் போன்றவையும் வேண்டாம். கப்பலுக்குள் வீட்டில் சமைத்த உணவைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டுகளை விடுவார்கள். சைவம், ஹலால், இந்திய உணவு எது தேவை என்றாலும் டிக்கெட் போடும்போதே குறிப்பிட்டுவிடலாம்.

அம்மாவைப் பற்றி. கடல் மயக்கம் வயிற்று நோய் அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. நான்கு சுவருக்குள் இருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. அம்மா ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ்ஸில் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே தாங்குகிறவருக்கு இந்தப் பயணம் பெரும்பாலும் தொல்லை தராது. சிங்கப்பூர்–பினாங்கு வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். திறந்த பெருங்கடலின் அலை அங்கே அதிகம் வருவதில்லை. எதற்கும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் அடுக்கில் அறை கேளுங்கள். ஏறி இறங்கும் சீசாப் பலகையின் நடுவில் இருப்பதுபோல ஆட்டம் அங்கே குறைவு. தலை சுற்றினால் அறையில் படுக்க வைக்காமல், திறந்த தளத்துக்கு அழைத்துப் போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரைகள் வயதானவர்களுக்கு மயக்கமும் தடுமாற்றமும் தரக்கூடியவை. அம்மாவின் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். அவர் வழக்கமாகப் போடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர இரவாகிவிடலாம். மகளின் நீச்சல் உடையும் அந்தக் கைப்பையிலேயே இருக்கட்டும். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம், முன்பே பாருங்கள்.

கப்பல் கரையை விட்டதும் நான்கு கைபேசிகளையும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கைபேசி பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பை. நீங்கள் போட்டிருக்கும் வெளிநாட்டு ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது. பேசாமல் பையில் கிடந்த கைபேசிக்கே ஆயிரக்கணக்கில் பில் வந்த வாடிக்கையாளர் எனக்கு உண்டு.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கும். சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்ட வேண்டாம். துறையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் அங்கும் ஒரு லிட்டில் இந்தியா. 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயிலும், இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்தே ஏற முடியாதா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய துறைமுகம் அது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் 2011-இல் அங்கிருந்து கொழும்புக்கு விட்ட பயணிகள் கப்பல் சில மாதங்களில் நின்றுபோனது. உங்கள் கப்பலுக்குச் சிங்கப்பூர் போய்த்தான் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கான உடை, நான்கு பாஸ்போர்ட்டுகள், அம்மாவின் மருந்து ஆகியவற்றை வெளியே எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். சனிக்கிழமை இறங்கியதும் சிலருக்குத் தரை ஆடுவது போலவே இருக்கும். ஒரு நாள் உறங்கினால் சரியாகிவிடும். அன்று தங்கை வீட்டில் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, நீங்கள் மகளை அழைத்துக்கொண்டு முஸ்தபாவுக்குப் போய் வரலாம்.